வாசகர் கேள்வி, என் பதில்: தெரிந்த கதையைத் திரும்பக் கேட்பவர்கள்

சென்ற இதழில், இரவில் உறங்கப் போகுமுன் என்ன வாசிப்பீர்கள் என்று கேட்ட ஒருவருக்கு, பெரும்பாலும் ரசிகர் புனைகதைகளைத்தான் என்று போகிற போக்கில் பதில் எழுதியிருந்தேன். ஒரு நாவலையோ திரைப்படத்தையோ தொலைக்காட்சித் தொடரையோ விரும்பிய ஒருவர், அதிலுள்ள பாத்திரங்களை எடுத்துக்கொண்டு, காசு எதுவும் எதிர்பாராமல் தாமே எழுதும் கதைகளைத்தான் அப்படிக் குறிப்பிட்டேன். இளையவர்கள் அவற்றை ஃபேன்ஃபிக் என்பார்கள். அந்த ஒரு வரிக்கு வந்த அளவு கடிதங்கள் இந்தப் பகுதியில் வேறெந்தப் பதிலுக்கும் வந்ததில்லை. ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். நெல்லிக்காய் ஊறுகாய் ஏன் பூஞ்சணம் பிடிக்கிறது என்று கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

உயர்தரத்தில் தமிழை ஒரு பாடமாகக் கற்கிறேன். நான் ரசிகர் புனைகதை வாசிப்பதைக் கண்ட ஆசிரியை, "சொந்தக் கற்பனை இல்லாதவர்கள் எழுதுவதைச் சொந்த ரசனை இல்லாதவர்கள் வாசிக்கிறார்கள்" என்று வகுப்பில் சொன்னார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?
மாணவி, பொகவந்தலாவை

உங்கள் ஆசிரியையின் வாக்கியம் எடுப்பாக அமைந்திருக்கிறது. எடுப்பான வாக்கியங்களை நான் சற்று ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

மாசி மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றினால் என் அப்பாயி சாக்கு ஒன்றையும் கம்பளியையும் எடுத்துக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார். சிவனின் தவத்தைக் கலைக்க மதன் போவான், நெற்றிக்கண்ணால் எரிவான், ரதி அழுவாள் என்பது அவருக்கு மட்டுமல்ல, அங்கே மடியில் உறங்கும் பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிந்திருந்தும், ரதி புலம்பத் தொடங்கியதும் கம்பளியின் முனை அவருடைய கண்ணுக்குப் போகும். அந்தப் புலம்பலில் ஓர் அடியை ரதி வேடக்காரர் விழுங்கிவிட்டால், அதே அப்பாயி கண்ணைத் துடைத்த கையோடு உரத்த குரலில் அடியை எடுத்துக் கொடுப்பார். குறவன் குறத்தி வரும் இடத்தில் தோட்டத்துச் சங்கதிகள் நுழைந்தால் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். முதலில் சிரிப்பவர் அவராகத்தான் இருப்பார். எதைத் தொடக்கூடாது, எங்கே விளையாடலாம் என்பது பற்றி அவரிடம் திட்டமான கருத்து இருந்தது. ரசிகர் புனைகதை வாசிப்பவரின் மனநிலையை இதைவிடத் துல்லியமாக நான் எங்கும் கண்டதில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து லாவணியில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று இன்னொரு கட்சியும் விடிய விடியப் பாடி வழக்காடியதும் இதே வகைதான். இன்றைய ரசிகர்கள் இரவிரவாகச் சண்டையிடுவதைப் பார்க்கும்போது எனக்கு எரிந்த கட்சியும் எரியாத கட்சியுமே நினைவுக்கு வருகின்றன.

பாடத்திட்டத்துக்குள்ளிருந்தே சான்று வேண்டுமானால், கம்பரைக் காட்டுங்கள். வான்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிப் போகிறான். கம்பருக்கு அது பொறுக்கவில்லை, ஆகவே பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்கச் செய்கிறார். மூலக்கதையின் ஓர் இடம் மனத்தை உறுத்தியதால் அதை மாற்றி எழுதிய செயல் அது. புதுமைப்பித்தனின் 'சாப விமோசன'த்தில், தான் தீக்குளித்த செய்தியைச் சீதை சொல்லக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். இராமாயணம் அறிந்தவர்களுக்கு இக்கதை பிடிபடாமலோ பிடிக்காமலோ போகலாம், அதைத் தாம் பொருட்படுத்தவில்லை என்ற பொருளில் கதையின் தலைப்பிலேயே ஒரு குறிப்பும் வைத்திருக்கிறார். இணையத்தில் எழுதும் பதினெட்டு வயதுப் பெண் தன் கதையின் மேலே இடும் குறிப்பும் பெரும்பாலும் இதுவேதான். நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பக்கம் போகும் பேருந்து சீதையம்மன் கோயிலடியில் மெதுவாகும்போது, ஓடைப் பாறையிலுள்ள குழிகளைக் காட்டி அனுமாரின் பாதம் என்பார்கள். சீதாஎலிய என்ற பெயரைக் கம்பரும் எழுதவில்லை, வான்மீகியும் எழுதவில்லை. கதையைக் கேட்டவர்கள் தங்கள் மலையில் அதற்கு இடம் ஒதுக்கிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் ஆசிரியையிடம் பணிவாகச் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் வாசிப்பதெல்லாம் கம்பர் என்று மட்டும் வாதாட வேண்டாம். அள்ளிப் புடைத்தால் பதர்தான் அதிகம் என்பது நம்மிருவருக்கும் தெரியும்.

நாற்பத்தொரு அத்தியாயம் வாசித்த கதை ஒன்று, நாயகன் கதவைத் தட்டும் இடத்தில் நின்றுவிட்டது. இரண்டு வருடமாகிறது. எழுதியவருக்குப் பல தடவை செய்தி அனுப்பியும் பதில் இல்லை. இது வாசகருக்குச் செய்யும் துரோகமில்லையா?
அலுவலக உதவியாளர், பண்டாரவளை

துரோகம் என்பது பெரிய சொல். உங்களிடம் அவர் ஒரு சதமும் வாங்கவில்லை. ஆனாலும் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் இப்படி ஐந்தாறு கதவுகளுக்கு வெளியே இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.

ரசிகர் புனைகதைகள் வெளியாகும் சில இணையத் தளங்களில் கதைத் தலைப்பின் அருகே அத்தியாயக் கணக்கு இருக்கும். பன்னிரண்டு, ஒரு சாய்கோடு, பின் மறுபடியும் பன்னிரண்டு என்றிருந்தால் கதை முடிந்துவிட்டது. சாய்கோட்டுக்குப் பிறகு ஒரு கேள்விக்குறி இருந்தால், எத்தனை அத்தியாயத்தில் முடியும் என்பது எழுதுபவருக்கே தெரியாது என்று பொருள். அதற்குப் பக்கத்தில் கடைசியாகப் புதுப்பித்த தேதியும் இருக்கும். கேள்விக்குறியும் பழைய தேதியும் சேர்ந்திருக்கும் கதைக்குள் நுழைபவர், பாலம் பாதிவரைதான் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டே நடக்கிறார். நடக்கவேண்டாம் என்று சொல்லமாட்டேன். பாதிப் பாலத்திலிருந்து பார்க்கும் பள்ளத்தாக்கும் அழகுதான்.

"அடுத்தது எப்போது?" என்று மட்டும் இனிமேல் எழுதாதீர்கள். நாற்பத்தொரு அத்தியாயங்களில் உங்களைப் பிடித்து நிறுத்திய ஓர் இடத்தைச் சொல்லி, அது ஏன் பிடித்தது என்று நாலு வரி எழுதிப் பாருங்கள். கதை வரலாம், வராமலும் போகலாம். ஆனால் எழுதியவர் கடன்காரரைக் கண்டதுபோல ஒளிந்துகொள்ளமாட்டார். இருந்த கதையையே எழுதியவர் அழித்துவிடுவதும் உண்டு. ஆகவே மனதுக்குப் பிடித்ததை வாசித்த அன்றே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அழிக்க மனமில்லாதவர்களுக்காக ஒரு தளத்தில், கதையை விட்டுவிட்டுத் தம் பெயரை மட்டும் நீக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அப்படி விடப்பட்ட கதையை அங்கே அநாதை என்கிறார்கள். அந்தச் சொல்லைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும்.

எனக்கு மிகப் பிடித்த ஒரு ரசிகர் கதையைச் சித்தி மகளுக்கு அனுப்பினேன். அவள் "நல்லா இருந்துச்சு அக்கா" என்று மட்டும் சொன்னாள். வாசிக்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது. மனம் நொந்துபோனேன். இனி யாருக்கும் எதையும் பரிந்துரைப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். சரிதானே?
வாசகி, பதுளை

சரியில்லை. ஆனால் உங்களுக்குப் புத்தி சொல்லுமுன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, அவருடைய தந்தை வாரவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்துக் கட்டிய தொகுதிகளை, மணியத்தின் ஓவியங்களோடு, இன்றும் துணி சுற்றி வைத்திருக்கிறார். அந்த நாவலில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி வெட்டவெளிச்சமாக்கவில்லை. முடிவுரையில் வாசகர்களின் ஐயங்களுக்குப் பதில் சொல்லியும் ஐயங்கள் தீரவில்லை. ரசிகர் கதைகள் இத்தகைய இடுக்குகளில்தான் முளைக்கின்றன. கல்லிடுக்கில் ஆலஞ்செடி முளைப்பதைப் போல. அப்படி முளைத்த ஒன்று, கரிகாலன் கொல்லப்பட்ட கடம்பூர் இரவைக் குறித்த கதை, என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. அறுபது பக்கம் அச்செடுத்து, கொக்கி போட்டு, வெற்றிவீராங்கனை போல அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தது. எல்லாப் பக்கங்களும் சுத்தமாக இருந்தன. இருபத்திரண்டாம் பக்கத்தில், வந்தியத்தேவன் குந்தவையிடம் கண்ணீரோடு அரைப் பக்கத்துக்கு மன்னிப்புக் கேட்கும் இடத்தில் மட்டும், ஓரத்தில் பென்சிலால் இரண்டு சொற்கள் எழுதப்பட்டிருந்தன: "இவன் யார்?"

எனக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது கொட்டகலைவரை அவரோடு மனத்துக்குள் சண்டையிட்டேன். கொட்டகலை தாண்டியதும் அவர் சொன்னது சரியென்று பட்டது. மாட்டிக்கொண்டால் பொய் சொல்லியும் சிரித்தும் தப்பிக்கும் பிள்ளை அவன். நந்தினி கொடுத்த பனை இலச்சினை மோதிரத்தை நீட்டித் தஞ்சைக் கோட்டைக்குள் நுழைந்தவன். அவனுக்கு உண்மையாகவே அழுகை வந்தால் அதை மறைக்க ஒரு வேடிக்கைப் பேச்சு முதலில் வரும். எழுதியவர் அவனுடைய பெயரை எடுத்துக்கொண்டார், வாயை எடுத்துக்கொள்ளவில்லை. கொலை மர்மத்தின் பின்னே ஓடிக்கொண்டிருந்த நான் அதைக் கவனிக்கவில்லை. நண்பருக்கோ மர்மம் ஒரு பொருட்டே இல்லை, அந்தக் குரல்தான் வேண்டியிருந்தது. ஒரே நாவலை நாங்கள் இருவரும் வேறுவேறு காரணங்களுக்காக விரும்பியிருக்கிறோம் என்பது முப்பது வருடப் பழக்கத்துக்குப் பிறகு அன்றுதான் தெரிந்தது.

சாதாரணப் புத்தகம் ஒன்றைப் பரிந்துரைப்பதற்கும் ரசிகர் கதையைப் பரிந்துரைப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. புதுப் புத்தகத்துக்குள் எல்லோரும் ஒரே வாசலால் போகலாம். ரசிகர் கதையோ வாசிப்பவர் ஏற்கெனவே அந்த வீட்டில் வாழ்ந்தவர் என்று நினைத்துக்கொண்டு பேசத் தொடங்குகிறது. அடுப்படி எங்கே, தாத்தாவின் நாற்காலி எது என்று அது சொல்லாது. அதன் இன்பம் முழுவதும் அந்தச் சொல்லாமையில் இருக்கிறது. வீட்டையே அறியாத ஒருவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தால், அவர் மரியாதைக்கு "நல்லா இருந்துச்சு" என்றுதான் சொல்வார். உங்கள் தங்கைக்கு மூலக்கதை தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாது என்றே ஊகிக்கிறேன்.

இப்போது நான் ஒரு கதையை அனுப்புமுன் நாலைந்து வரி எழுதிச் சேர்க்கிறேன். மூலக்கதையில் எதுவரை தெரிந்திருந்தால் போதும், கதை முடிந்ததா, எந்த இடம் மனத்தைப் புண்படுத்தக்கூடும், எங்கே தொய்கிறது என்பவற்றை மறைக்காமல் சொல்லிவிடுவேன். பிறகு என்னைப் பிடித்த ஒரு காட்சியைக் குறிப்பிடுவேன், கதைச்சுருக்கம் சொல்வதில்லை. "மூன்றாம் அத்தியாயத்தில் பூங்குழலி படகைத் திருப்புகிறாள், அதற்காக வாசி" என்றால் மூன்றாம் அத்தியாயம்வரையாவது போவார்கள். அனுப்பிய பிறகு "வாசித்தாயா?" என்று கேட்பதில்லை என்பதையும் விதியாக வைத்திருக்கிறேன், வருடத்துக்கு இரண்டு தடவை மீறுகிறேன்.

தங்கையிடம் கோபிக்க வேண்டாம். பிடித்த கதை வந்தால் அவளாகவே இரவு பதினொரு மணிக்கு அழைப்பாள்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. ரீலோட் போட்ட டேட்டாவும் இரண்டு நாளில் தீர்ந்துவிடுகிறது. குப்பையை வாசித்து வீணாக்காமல் நல்ல கதையைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
வாசகர், தலவாக்கலை

உண்டு. ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற தளத்தைப் பாருங்கள். இலாப நோக்கற்ற அமைப்பொன்று நடத்துவது. 2009ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. விளம்பரம் இல்லாததால் பக்கங்கள் இலகுவாகத் திறக்கும். 2019இல் அறிவியல் புனைவுலகின் ஹியூகோ விருதும் அதற்குக் கிடைத்தது. உங்களுக்கு முக்கியமானது வேறொன்று: ஒவ்வொரு கதையையும் மின்னூலாகத் தரவிறக்கலாம். சிக்னல் உள்ள இடத்தில் நின்று பத்துக் கதைகளை இறக்கிக்கொண்டால், வீட்டில் டேட்டாவை அணைத்துவிட்டு ஒரு மாதம் வாசிக்கலாம். எழுத்து மட்டும்தான் என்பதால் ஒரு பாட்டின் காணொளிக்குச் செலவாகும் டேட்டாவில் ஒரு மூட்டை கதை வந்துவிடும்.

தேடும்போது முடிந்த கதைகளை மட்டும் காட்டு என்று வடிகட்டுங்கள். பாராட்டு எண்ணிக்கையைக் கொண்டு வரிசைப்படுத்தினால் பழைய கதைகளே எப்போதும் மேலே நிற்கும்; அவற்றுக்குச் சேர்த்துக்கொள்ள அதிக காலம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். எனக்குப் பலித்த வழி வேறு. பிடித்த கதை ஒன்று கிடைத்ததும் அதைக் குறித்துவைத்த வாசகர்களின் பட்டியலைத் திறந்து, அவர்கள் வேறு எவற்றைக் குறித்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். ரசனை ஒத்துப்போகும் ஒருவர் கிடைத்துவிட்டால், அந்த முகமறியாத மனிதர் ஒரு நூலகருக்குச் சமம்.

ஓர் எச்சரிக்கை. மேலே இடப்பட்டிருக்கும் அடையாளச் சொற்களைப் படிக்காமல் நுழையாதீர்கள். "எச்சரிக்க வேண்டிய எதுவும் இல்லை" என்பதும் "எச்சரிக்கை தருவதில்லை என்று எழுதியவர் முடிவு செய்திருக்கிறார்" என்பதும் அங்கே இரு வேறு குறிப்புகள். இரண்டாவது இருந்தால் உள்ளே எதுவும் இருக்கலாம். நான் அதை முதலாவதாக எண்ணி வாசித்து, பிரியமான பாத்திரம் ஒன்றைப் பதினாறாம் அத்தியாயத்தில் பறிகொடுத்தேன்.

என் மகளுக்குப் பதினைந்து வயது. விடிய விடிய இந்தக் கதைகளைத்தான் வாசிக்கிறாள். அதில் ஆபாசமும் இருக்கிறதாமே? கைத்தொலைபேசியைப் பறித்துவிடலாமா?
தந்தை, ஹட்டன்

இருக்கிறது. இல்லையென்று சொன்னால் நான் பொய் சொல்பவளாவேன். கதைகளுக்கு எல்லோரும் வாசிக்கலாம் என்பதிலிருந்து வளர்ந்தோருக்கு மட்டும் என்பதுவரை தரம் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் தரத்தைக் குறிப்பது எழுதியவர்தான், வாசலில் நிற்கும் காவலாளியும் உள்ளே வளர்ந்தோருக்கானது இருக்கலாம், சம்மதமா என்று கேட்பாரே தவிர அடையாள அட்டையைப் பார்க்கமாட்டார். ஆகவே தொலைபேசியைப் பறிப்பதைவிட, அவள் விரும்பும் கதை ஒன்றை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் கதையைத் தெரிந்தெடுக்கிறாள் என்பதிலிருந்தே பாதி விடயம் உங்களுக்கு விளங்கும். விடிய விடிய என்பது வேறு பிரச்சினை. பத்து மணிக்குத் தொலைபேசி கூடத்தில் இருக்கவேண்டும் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமையுண்டு. உங்களுடையதும் அங்கேயே இருக்கட்டும்.

மற்றவர் பாத்திரத்தை எடுத்து எழுதினால் வழக்கு வருமா?
ந.எ. வாசகர், நுவரெலியா

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுட்காலமும் அவர் மறைந்தபின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். தழுவி எழுதும் உரிமையும் அதில் அடங்கும். கல்கி 1954இல் மறைந்தவர், ஆகவே அந்தக் கணக்கில் அவருடைய பாத்திரங்களோடு தாராளமாக விளையாடலாம். இன்று வாழும் எழுத்தாளரின் பாத்திரங்களை எடுப்பவர் விற்காமல் இருப்பது நல்லது. விற்காவிட்டால் சட்டம் தொடாது என்று நான் உறுதி தரமாட்டேன். அச்சுப் புத்தகமாக்க எண்ணினால் சட்டத்தரணியைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

வந்தியத்தேவனை இந்தக் காலத்துத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து ஒரு கதை எழுத ஆசை. சோழநாட்டு வீரனை லயத்தில் குடிவைத்தால் சிரிப்பார்களா? அவன் எந்தத் தமிழில் பேசவேண்டும்?
கொழுந்து பறிப்பவரின் மகன், மஸ்கெலியா

சிரிக்கட்டும், சிரிக்கவைப்பதுதானே அவன் வேலை. மூலக்கதையிலேயே அவன் ஈழத்துக்கு ஓலை கொண்டுவந்தவன். உங்கள் ஊருக்கு வர அவனுக்கு இன்னும் கொஞ்சம் மேடு ஏறவேண்டும், அவ்வளவுதான்.

தமிழைப் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. கல்கியின் நடையை அப்படியே அவன் வாயில் வைத்தால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நாடக வேடக்காரன் நிற்பது போலிருக்கும். மஸ்கெலியாப் பேச்சை மட்டும் வைத்தால் என் நண்பர் மறுபடியும் பென்சிலை எடுத்துவிடுவார். சொற்கள் உங்கள் லயத்துச் சொற்களாக இருக்கட்டும். பேச்சின் போக்கு அவனுடையதாக இருக்கட்டும். நிறுவைத் தராசின் முன்னே நின்று, அம்மாவின் கொழுந்தில் ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிக்கும் கணக்கப்பிள்ளையிடம் அவன் என்ன சொல்வான்? நேராகச் சண்டைக்குப் போகமாட்டான். முதலில் அவருடைய மீசையைப் புகழ்வான், பிறகு துரைக்குத் தான் தூரத்துச் சொந்தம் என்று ஒரு பொய் சொல்வான், அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் தேவைப்படும். கதை தானாக நடக்கத் தொடங்கிவிடும். மூலக்கதை தெரியாதவரும் அந்தத் தராசை அறிவார், தராசைக் கண்டிராதவரும் அவனை அறிவார். ஆகவே இதைப் பரிந்துரைப்பது எனக்கு மற்றவற்றைவிட இலகுவாக இருக்கும்.

எழுதியதை அனுப்புங்கள். மொத்தம் எத்தனை அத்தியாயம் என்பதை உறையின் மேலேயே எழுதிவிடுங்கள். கேள்விக்குறி போட்டிருந்தால் பிரிக்கமாட்டேன்.